நாலாவது தசமம்

ராத்திரி பன்னிரண்டே காலுக்கு ஃபெயில் ஆகிற டெஸ்ட், காலையில் எட்டு மணிக்குப் பாஸ் ஆகிவிடும். நடுவில் கோடில் ஒரு கமாவைக்கூட நான் தொட்டிருக்க மாட்டேன். மூன்று ராத்திரி இதே கதை. நாலாவது நாள் ராம் என்கிற நினைவகச் சிப் போயிருக்குமோ என்று சந்தேகப்பட்டு, லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டினேன். காலையில் பாஸ் ஆனது. சரி பண்ணிவிட்டேன் என்று நிம்மதியாகக் காபி குடித்தேன். அன்றைக்கு ராத்திரி மறுபடி ஃபெயில்.

பெங்களூர் பானஸ்வாடியில் எங்கள் வீட்டில் பிள்ளைகள் தூங்கி, நான் லேப்டாப் முன் உட்காரப் பதினொன்றரை ஆகும். ஆர் என்கிற புள்ளியியல் மொழிக்கு எழுதப்பட்ட பேக்கேஜ்களை, டெபியன் என்கிற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிற மாதிரி கட்டிச் சேர்ப்பது நான் ஓய்வில் செய்கிற வேலை. அந்த டெபியன் வேலைக்கு எனக்குக் கிடைக்கிற நேரம் அதுதான். கோளாறும் அந்த நேரத்தில்தான் இருந்தது. அந்த டெஸ்ட் செய்தது இவ்வளவுதான்: இன்றைக்கு என்ன தேதி என்று ஆரிடம் நேராகக் கேட்டது. பிறகு இப்போது மணி என்ன என்று கேட்டு, அந்தப் பதிலைத் தேதியாக மாற்றியது. இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்தது. முதல் கேள்விக்கு ஆர் நம்மூர்க் கணக்கில் பதில் சொல்லும். இரண்டாவதில், அப்போது நான் வைத்திருந்த பதிப்பு, மாற்றும்போது உலகப் பொது நேரமான யூடிசி கணக்குக்குப் போய்விடும். நாம் யூடிசிக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஆக, நள்ளிரவு 12 மணியிலிருந்து விடியற்காலை 5:30 வரை ஒரு கேள்விக்கு இன்று, இன்னொன்றுக்கு நேற்று. டெபியனின் பில்ட் மெஷின்கள் யூடிசியில் ஓடுகிறவை, அவற்றுக்கு இந்த வியாதி வராது. பேக்கேஜை எழுதியவர் ஐரோப்பாக்காரர். அங்கே வித்தியாசம் நள்ளிரவுக்கு மேல் ஒன்றிரண்டு மணி நேரம்தான், அந்நேரம் மனிதர் தூங்கியிருப்பார். பெங்களூரில் ராக்கோழியாக உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அது மாட்டியது.

பேட்ச், அதாவது கோடில் செய்கிற திருத்தம், ஒரு வரி. எழுதியவருக்கு அனுப்பினேன், இரண்டே நாளில் சேர்த்துக்கொண்டார். அதிலிருந்து எந்தப் புதுப் பேக்கேஜ் வந்தாலும் டெஸ்டை மூன்று நேர மண்டலத்திலும், இரண்டு மொழி அமைப்பிலும் ஓட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. மொழி அமைப்பு எதற்கென்றால், ஆங்கிலச் சொற்களை அடுக்கும்போது சில அமைப்புகளில் பெரிய எழுத்தெல்லாம் முன்னால் போய், சின்ன எழுத்தெல்லாம் பின்னால் வரும். சிலவற்றில் கலந்து வரும். அகரவரிசைப்படி அடுக்கிய பட்டியலை எதிர்பார்க்கிற டெஸ்ட் அங்கேயே கவிழ்ந்துவிடும்.

இந்த வேலைக்குள் நான் வந்தது ஒரு பூட்டிய அறையால். நான் மருத்துவ ஆய்வுத் தரவுகளோடு வேலை செய்கிறவன். அப்போது இருந்த இடத்தில் நோயாளிகளின் தரவு ஒரு தனி அறையில், இன்டர்நெட் இல்லாத சர்வரில் இருக்கும். போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகணும். உள்ளே டெபியன், அதற்குள் ஆர். ஆருக்குப் பேக்கேஜ் வேண்டுமென்றால் எல்லாரும் கிரானிலிருந்து இறக்கிக்கொள்வார்கள். 1997-ல் வியன்னாவில் ஆரம்பித்த அந்தக் களஞ்சியத்தில் இப்போது 20 ஆயிரத்துக்கும் மேலான பேக்கேஜ்கள். ஆனால் நெட் இல்லாத அறையில் கிரான் எப்படி வரும்? பென்டிரைவில் ஒன்றைக் கொண்டுபோனால் அது இன்னும் நாற்பதைக் கேட்கும். நாற்பதையும் கொண்டுபோனால் அதில் பாதி, உள்ளே இல்லாத ஏதோ ஒரு சி மொழி லைப்ரரியைக் கேட்கும்.

எங்களோடு இருந்த மூத்த புள்ளியியலாளர் மதுரைக்காரர், எல்லாருக்கும் அக்கா. மூன்றாவது முறை நான் பென்டிரைவோடு வெறுங்கையாகத் திரும்பியபோது சொன்னார்: "ஏன்டா தம்பி இப்படி அலையிற? அந்த சர்வர்ல டெபியனோட மிரர், அதான் நகல், முழுசா இருக்குல்ல? அதுல இருக்கிற பேக்கேஜ் ஆப்ட் கமாண்ட்ல போட்டா ஒரே வரில ஏறிடும். இல்லாததை நீயே டெபியன்ல சேர்த்து விட்டுரு. அடுத்த மிரர்ல தானா உள்ள வந்துரும்."

சேர்த்து விடுவது என்றால் என்ன என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அப்படி அவர் சொன்ன நாளுக்கும் அந்தப் பேக்கேஜ் அறைக்குள் வந்த நாளுக்கும் நடுவில் பதினோரு மாதம்.

டெபியனில் ஆர் பேக்கேஜ்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. எல்லாம் ஆர்-கிரான் என்ற முன்னொட்டோடு வரும், உயிரியல் சார்ந்த பயோகண்டக்டர் பேக்கேஜ்கள் ஆர்-பயோக் என்று வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிற கஷ்டம் வேறு, உண்மையான கஷ்டம் வேறு. ஆர் பேக்கேஜ்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. அதனால் அதைக் கட்டும் ரூல்ஸ் ஃபைல் நாலே வரிதான். டிஹெச்-ஆர் என்ற கருவி மீதியைப் பார்த்துக்கொள்ளும். புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று வாட்ச் ஃபைல் பார்த்துச் சொல்லும், சின்னச் சின்னத் தவறுகளை லிண்டியன் திட்டும். இதெல்லாம் ஒரு சனிக்கிழமையில் கற்றுக்கொள்ளலாம்.

பதினோரு மாதத்தைத் தின்றது காப்பிரைட் ஃபைல். டெபியனுக்குள் புதுப் பெயரில் எது வந்தாலும் முதலில் ஒரு வரிசையில் நிற்கும். அப்போது எஃப்டிபி மாஸ்டர்கள் என்கிற தன்னார்வலர்கள் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, யார் எழுதியது, என்ன லைசென்ஸ் என்று பார்ப்பார்கள். கிரான் பக்கத்தில் ஜிபிஎல் என்கிற கட்டற்ற லைசென்ஸின் பெயரை ஒரு வரி போட்டிருந்ததை நம்பி நானும் அதையே எழுதி அனுப்பினேன். உள்ளே, யாரும் திறந்தே பார்க்காத ஒரு சி ஃபைலின் தலைப்பில், இது ஏசிஎம் என்கிற கணினியியல் சங்கம் வெளியிட்ட ஒரு அல்காரிதத்திலிருந்து மாற்றி எழுதப்பட்டது என்று சின்னதாக ஒரு குறிப்பு. ஏசிஎம்மின் மென்பொருள் லைசென்ஸ், வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம். டெபியனின் வழிகாட்டு நெறிகளில் ஆறாவது, எந்தத் துறையில் பயன்படுத்துகிறவரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. வியாபாரமும் ஒரு துறைதானே. திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உலகமே பத்து வருஷமாக இதைப் பயன்படுத்துகிறது, இவர்களுக்கு மட்டும் என்ன என்று. அக்காவிடம் போய்க் கொட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "நம்ம கம்பெனி வியாபாரம்தான பண்ணுது?" அதற்கு மேல் நான் பேசவில்லை. பேக்கேஜை எழுதியவருக்கு மெயில் போட்டேன். இரண்டு மாதம் பதிலில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டு ஒரு நீண்ட கடிதம். அதற்குப் பிறகு அவரே அந்த ஃபைலைத் தூக்கிவிட்டு, ஆருக்குள்ளேயே இருக்கிற ஒரு ஃபங்ஷனைப் பயன்படுத்தி எழுதிக்கொடுத்தார். இப்போதெல்லாம் பேக்கேஜ் செய்யத் தொடங்குமுன், சோர்ஸ் முழுவதிலும் காப்பிரைட், லைசென்ஸ், கல்வி நோக்கம், அனுமதி என்கிற மாதிரிச் சொற்களைத் தேடிப் பார்த்துவிடுகிறேன். பத்து நிமிஷ வேலை. சுருக்கி வைத்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்க்கணும். அழகான கிராஃப் வரைகிற பேக்கேஜ்களில் கட்டாயம் இருக்கும். மூலம் இல்லாமல் சுருக்கியது மட்டும் இருந்தால் டெபியனில் செல்லாது. அந்த ஜாவாஸ்கிரிப்டைத் தனியாகப் பேக்கேஜ் செய்யும் நிலைமை வந்தால் என் ஆலோசனை, வேறு பேக்கேஜ் பாருங்கள்.

இதே பட்டியலில் ஆர்டிஏ ஃபைல்களும் சேரும். ஆரின் தரவு வடிவம் அது, திறந்து படிக்க முடியாத பைனரி. எங்கிருந்து வந்தது, எப்படி உண்டாக்கப்பட்டது என்று ரீட்மீ-சோர்ஸ் என்ற ஃபைலில் ஒவ்வொன்றுக்கும் எழுதச் சொல்வார்கள். வெட்டி வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதுவேன். 2024 மார்ச் 29-ல், ஃபைல்களைச் சுருக்குகிற எக்ஸ்இசட் மென்பொருளின் விவகாரம் வெடித்தது. தூரத்து மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருளாளர் தோண்டிப் பார்த்ததில், டெஸ்டுக்காக வைத்த பைனரி ஃபைல்களுக்குள் பின்கதவு ஒளிந்திருந்தது வெளியே வந்தது. அதிலிருந்து முணுமுணுப்பதில்லை.

இனி எண்கள். மற்றப் பேக்கேஜ்களில் டெஸ்ட் ஃபெயில் ஆனால் ஏதோ உடைந்திருக்கிறது. புள்ளியியல் பேக்கேஜில் அப்படி நேராகச் சொல்ல முடியாது. உடைந்தும் இருக்கலாம், எல்லாம் சரியாக இருந்தே பதில் மட்டும் கொஞ்சம் வேறாகவும் வரலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் வேலையில் பாதி.

முதலில் சாதுவான உதாரணம். முதன்மைக் கூறு ஆய்வு செய்யும் ஒரு பேக்கேஜ், என் லேப்டாப்பில் பாஸ், வேறு மெஷினில் ஃபெயில். எதிர்பார்த்தது 0.57, வந்தது மைனஸ் 0.57. பயந்து போய் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் அப்போது முருகேஷ்பாளையாவில் இருந்தார், ஞாயிற்றுக்கிழமை. சிரித்தார். "மெஜஸ்டிக்ல இருந்து சிவாஜி நகர் போனாலும், சிவாஜி நகர்ல இருந்து மெஜஸ்டிக் வந்தாலும் ரூட் ஒண்ணுதான தம்பி? ஐகன்வெக்டருக்குத் திசைதான் முக்கியம், முன்னாடியா பின்னாடியான்னு இல்ல. அது பிளாஸ் எதுன்னு பாத்து மாறும்." அப்படியே இருந்தது. என்னிடம் ஓபன்பிளாஸ், அங்கே சாதாரண பிளாஸ். கணக்குப் போடும் அடித்தட்டு லைப்ரரியை டெபியனில் ஆள் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இது அடிக்கடி வரும். குறியை விட்டுவிட்டு மதிப்பை மட்டும் ஒப்பிடச் சொல்லி டெஸ்டை மாற்றினோம்.

ஆர் 3.6.0, 2019-ல் வந்தபோதும் இப்படித்தான். தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கிற அதே விதை எண்ணைக் கொடுத்தாலும் சாம்பிள் வேறாக வந்தது. பழைய முறை, பெரிய தொகுப்பிலிருந்து எடுக்கும்போது துளி ஓரவஞ்சனை செய்ததால் முறையையே மாற்றியிருந்தார்கள். டெஸ்டுகள் கூட்டமாகச் செத்தன. அதில் ஒன்றுகூட உண்மையான பிழை இல்லை.

இப்படி நாலைந்து அனுபவம் ஆனதும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தில்தான் நான் செய்யக்கூடாததைச் செய்தேன்.

கலப்பு மாதிரிகள் என்கிற புள்ளியியல் முறைக்கான ஒரு பேக்கேஜ். புதுப் பதிப்பை என் ஸ்பான்சர் ஏற்றிவிட்டார். (எனக்கு நேரடியாக ஏற்றும் உரிமை அப்போது இல்லை. டெபியன் டெவலப்பர் ஒருவர் பார்த்து ஏற்றணும்.) ஏற்றினால் டெபியன் அதைத் தன் எல்லாக் கட்டமைப்புகளிலும், அதாவது வெவ்வேறு சிப் வகைகளிலும், கட்டிப் பார்க்கும். ஏஎம்டி64, ஐ386 பச்சை. ஏஆர்எம்64, ஏஆர்எம்-ஹெச்எஃப், பிபிசி64-இஎல், எஸ்390எக்ஸ் நாலும் சிவப்பு. ஒரு நியமப் பிழையின் மதிப்பு நாலாவது தசமத்தில் மாறியிருந்தது.

எனக்குக் காரணம் "தெரியும்". பெருக்கிக் கூட்டுவதை ஒரே கட்டளையாக, ஒரே ஒரு முறை முழுமைப்படுத்திச் செய்கிற வசதி சில சிப்புகளில் உண்டு. எஃப்எம்ஏ என்பார்கள். ஜிசிசி கம்பைலர் அந்த வசதி இருக்கிற இடத்தில் கேட்காமலே பயன்படுத்திக்கொள்ளும். டெபியனின் ஏஎம்டி64 பழைய சிப்பிலும் ஓட வேண்டும் என்பதால் அங்கே அது கிடையாது, ஏஆர்எம்64-ல் உண்டு. அதனால் கடைசி இலக்கங்கள் மாறுவது சகஜம். அதுதான் என்று முடிவுகட்டி, எவ்வளவு வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கலாம் என்கிற டெஸ்டின் டாலரன்ஸை ஆயிரத்தில் ஒன்றாகத் தளர்த்தி ஒரு பேட்ச் போட்டேன். பேட்சின் தலைப்பில் "மிதவைப்புள்ளி வித்தியாசம்" என்று ரெண்டே வார்த்தை எழுதினேன். மணி ஒன்றரை. எல்லாம் பச்சை. ஐந்து நாளில், டெபியனின் அடுத்த வெளியீடு உருவாகிற டெஸ்டிங் என்ற கிளைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏழு வாரம் கழித்து ஒரு பிழை அறிக்கை. ஒருவர் தன் லேப்டாப்பில் ஒரு விடையும், ஏஆர்எம் கிளவுட் மெஷினில் இன்னொரு விடையும் வருகிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார். அவருடைய தரவில் வித்தியாசம் நாலாவது தசமத்தில் இல்லை, இரண்டாவதில்.

உட்கார்ந்து பார்த்தபோதுதான் மூன்று விஷயம் என் கண் முன்னாலேயே இருந்தது தெரிந்தது. ஒன்று: எஃப்எம்ஏ வித்தியாசம் பதினைந்தாவது, பதினாறாவது இலக்கத்தில் பிறப்பது. அது வளர்ந்து நாலாவதுக்கு வரவேண்டுமென்றால் நடுவில் ஏதோ ஒன்று மோசமாகத் தள்ளாடணும், அதையே ஒரு பிழையாகப் பார்த்திருக்கணும். இரண்டு: டெபியனின் ஏஆர்எம்-ஹெச்எஃப் அடிப்படையில் எஃப்எம்ஏ கிடையவே கிடையாது. அது ஏன் சிவப்பானது? இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. மூன்று: இன்டெல் வகை இரண்டும் பச்சை, அந்த நாலும் சிவப்பு. இந்த வடிவத்தைப் பார்த்தால் முதலில் நினைக்க வேண்டியது சி மொழியின் கேர் என்கிற வகையை. இன்டெல்லில் அது மைனஸ் எண்ணைத் தாங்கும். மற்ற நாலிலும் லினக்ஸில் அது தாங்காது. மைனஸ் ஒன்றைப் போட்டால் 255 ஆகிவிடும்.

பேக்கேஜின் சி கோடில், நிலைமையைக் குறித்துவைக்க கேர் வகையில் ஒரு மாறி, கொடி என்பார்கள். கணக்குச் சரியாகக் குவியவில்லை, அதாவது ஒரு விடையில் வந்து நிலைக்கவில்லை என்றால் அதில் மைனஸ் ஒன்று போடுவார்கள். அடுத்த வரி, கொடி பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் சின்ன அடியாக வைத்து மறுபடி ஓட்டு என்று சொல்லும். ஏஆர்எம்மில் கொடி 255. பூஜ்யத்துக்குக் கீழே போகவே போகாது. ஆக, குவியாத கணக்கையே பதில் என்று நீட்டியது. குவியாத பதில் என்றால் கன்னாபின்னாவென்று இருக்காது, ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அதனால்தான் நாலாவது தசமம். டெஸ்ட் கத்திச் சொன்னது, நான் அதன் வாயில் துணி அடைத்தேன்.

திருத்தம் ஒரு சொல்: கேர் என்பதற்கு முன்னால் சைன்டு என்று சேர்ப்பது. அதை எழுதியவருக்கு அனுப்பி, டாலரன்ஸைப் பழையபடி இறுக்கி, பிழை அறிக்கையில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். அறிக்கை கொடுத்தவர் நன்றி என்று ஒரு வரி போட்டார். அந்த ஏழு வாரத்தில் ஏஆர்எம்மில் வேறு யார் என்ன முடிவு எடுத்தார்களோ, எனக்குத் தெரிய வழியில்லை.

அதன் பிறகு எந்த மெஷின்கள் சிவப்பு என்று பார்த்து யோசிப்பது பழக்கமாகிவிட்டது. ஐ386 மட்டும் சிவப்பென்றால், அதன் பழைய கணக்குப் பகுதி 80 பிட்டில் வைத்துக்கொண்டு கடைசியில் 64-க்குச் சுருக்குவதைச் சந்தேகிப்பேன். அங்கே பெரும்பாலும் சமமா என்று அப்பட்டமாகக் கேட்ட டெஸ்டில்தான் தவறு. ஆரின் சாதாரண ஒப்பீட்டுச் சலுகையான 1.5-ஐப் பத்துக் கோடியால் வகுத்த அளவே போதும். ஐ386-ம் ஏஆர்எம்-ஹெச்எஃப்-ம் சேர்ந்து சிவப்பென்றால் 32 பிட் கதை. எஸ்390எக்ஸ் மட்டும் தனியாக அழுதால் பைட் வரிசை.

பைட் வரிசையைத் தமிழனுக்கு விளக்குவது சுலபம். நாம் இனிஷியலைப் பெயருக்கு முன்னால் போடுவோம், இங்கே வங்கிக் கவுண்டரில் பின்னால் போடச் சொல்வார்கள். எழுத்துகள் அதேதான், எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்பதில்தான் தகராறு. எஸ்390எக்ஸ் ஐபிஎம் மெயின்ஃபிரேம் வகை, பெரிய பைட்டை முன்னால் வைக்கும். நம் லேப்டாப்புகள் சின்னதை முன்னால் வைக்கும். பைனரி ஃபைலைப் படிக்கும் பேக்கேஜ், எழுதிய மெஷினும் படிக்கிற மெஷினும் ஒரே சாதி என்று நினைத்துக்கொண்டால், 1 என்று எழுதியது ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சமாக வரும். நீங்கள் மெயின்ஃபிரேம் வாங்க வேண்டாம். க்யூஎம்யூ என்ற மென்பொருளில் போலியாக ஓட்டலாம். மெதுவாக இருக்கும், குக்கரை வைத்துவிட்டு வரலாம். இல்லையென்றால் டெபியனின் போர்ட்டர் மெஷின்களில் விருந்தாளிக் கணக்குக் கேட்கலாம், கொடுப்பார்கள்.

இனிஷியல் என்னை இன்னொரு இடத்திலும் படுத்தியது. 2023 செப்டம்பரில் டெபியன் மாநாடு கொச்சியில் நடந்தது. ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறிப் போனேன். அங்கே ஒருவர் தன் அடையாளத்துக்கு வைத்திருக்கிற மின்சாவியை இன்னொருவர் அடையாள அட்டை பார்த்துக் கையெழுத்திடுவது வழக்கம். மின்சாவியில் என் பெயர் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். "இது நீங்களா?" என்று ஒரு வெள்ளைக்காரர் கேட்க, அவருக்கு இனிஷியல் என்றால் என்ன என்று விளக்கியே ஒரு டீ ஆறிப்போனது. கடைசியில் சாவியில் இரண்டாவது பெயரைச் சேர்த்தேன். போகிறவர்கள் முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு போங்கள். அந்தக் கையெழுத்துகளை வைத்துத்தான் பிறகு டெபியன் மெயின்டெய்னர் ஆனேன். என் பேக்கேஜ்களை நானே ஏற்ற முடிந்தது.

ஆர் 4.0.0 வந்தது 2020 ஏப்ரல் 24. லாக்டவுன். தெருவில் ஈ காக்கை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பெரிய பதிப்பு மாறினால் எல்லா ஆர் பேக்கேஜ்களையும் மறுபடி கட்டணும், அதுவும் வரிசைப்படி. கல்யாணப் பந்தி மாதிரி: முதல் பந்தியில் யாரையும் நம்பாதவை, இரண்டாவதில் முதல் பந்தியை மட்டும் நம்புகிறவை, இப்படியே. சிக்கல் என்னவென்றால் டெஸ்ட் ஓட்டுவதற்காக மட்டும் ஒன்றையொன்று கேட்கிற ஜோடிகள் உண்டு. நீ உட்கார்ந்தால்தான் நான் உட்காருவேன் என்று நிற்கும். ஒன்றை டெஸ்ட் இல்லாமல் கட்டி, அதை வைத்து மற்றதைக் கட்டி, பிறகு திரும்ப வந்து டெஸ்டோடு கட்டித்தான் அவிழ்க்கணும். பந்தி முழுவதையும் நடத்தியவர்கள் வேறு, நான் என் ஏழு இலையை மட்டும் பார்த்துக்கொண்டேன். அதிலேயே மூன்று உடைந்தன. டேட்டா ஃபிரேம் என்கிற ஆரின் அட்டவணையில் சொற்களை வைத்தால் அவற்றைத் தானாகவே வகைகளாக மாற்றுகிற பழைய வழக்கத்தை 4.0.0 விட்டுவிட்டது. அந்த வழக்கத்தை நம்பி எழுதின கோடெல்லாம் சத்தமில்லாமல் தடம் மாறியது. சத்தம் போட்ட மூன்றும் டெஸ்ட் இருந்தவை. டெஸ்டே இல்லாத ஒன்றை நான் கையால் ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

பதிப்பு எண்ணைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. ஆர் பேக்கேஜ்களின் எண்ணிலேயே நடுவில் கோடு வரும், 1.6-5 என்று. டெபியன் தன் கோட்டைக் கடைசியில் சேர்க்கும், 1.6-5-1 என்று. கண் பழகிவிடும். ஆனால் எழுதியவர் ஒரு நாள் 2012.1 என்றிருந்ததை 1.0 என்று மாற்றினால், கணக்குப்படி அது பின்னோக்கிப் போகிறது. எபோக் என்ற முன் எண்ணைப் போட்டுத்தான் சமாளிக்கணும், போட்டால் ஆயுசுக்கும் எடுக்க முடியாது. அவசரப்பட்டுப் போடாதீர்கள். முதலில் அவருக்கு ஒரு மெயில், அவர் 2013.1 என்றே தொடர ஒத்துக்கொள்வார்.

மெயில் பற்றிச் சொன்னால் முடியாது. எழுதியவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள், அல்லது முனைவர் பட்டத்துக்காக எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள். "உங்கள் பேக்கேஜ் எங்களிடம் உடைகிறது" என்று ஆரம்பிக்கிற கடிதத்துக்குப் பதில் வராது. என்ன ஓட்டினேன், என்ன எண் வந்தது, என்ன எதிர்பார்த்தேன், பேட்ச் இதோ. இந்த நாலும் முதல் பத்து வரிக்குள் இருந்தால் வரும். கோடைக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து பதில் எதிர்பார்க்காதீர்கள்.

போன வருஷம் நாலு பேக்கேஜை விட்டுவிட்டேன். நான் பயன்படுத்துவதை நிறுத்தியவை. டெஸ்ட் ஃபெயில் ஆனால் அந்த எண் நியாயமா இல்லையா என்று சொல்லும் அறிவு எனக்கு மங்கிப் போயிருந்தது. யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று முறைப்படி அறிவித்தேன். இரண்டை எடுத்துக்கொண்டார்கள், இரண்டு அநாதையாக நிற்கின்றன. விட்ட அன்று கொஞ்சம் குற்ற உணர்வு, மறுநாள் நல்ல தூக்கம்.

முதலாவதாகச் செய்த அந்தப் பேக்கேஜை மட்டும் விடவில்லை. பூட்டிய அறை இப்போது இல்லை, அந்த வேலையும் இல்லை. அக்கா மதுரைக்கே போய்விட்டார். டெபியனில் பாப்கான் என்று ஒன்று உண்டு, விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்களின் கணினிகளில் எது எத்தனை பேரிடம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும். எப்போதாவது போய்ப் பார்ப்பேன். என் பேக்கேஜுக்கு எதிரே ஒற்றை இலக்கம்தான். அதில் ஒன்று நான். இன்னொன்று அக்கா என்று போன பொங்கலுக்குப் போனில் பேசும்போது தெரிந்தது, ஆனால் அவர் கடைசியாக எப்போது ஓட்டினார் என்று நான் கேட்கவில்லை.